வெள்ளைக் கையுறை, ஒரு ஜோடி

எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்ல
நாக்கு நுனியை மேலண்ணத்தில் நிறுத்தி
இரு ஓரங்களிலும் காற்றை விட வேண்டும்,
பூனையை விரட்டுவது போல.
ஆண்டுக்கு இருமுறை வந்த நீதிபதிகளில்
ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை.
லான்வெரோக் என்று எழுதிக்கொண்டார்கள்.
நாங்களும் பழகிக்கொண்டோம்.

ஒரே தெரு.
அதன் தலைமாட்டில் கோட்டை இருந்த மேடு,
இப்போது ஆடுகளின் வசம்.
கால்மாட்டில் ஆறு.
நடுவில் ஐந்து தூண்களோடு மாவட்ட மன்றம்,
அண்ணன் சட்டைக்குள்
தொலைந்துபோன பையனைப் போல.

தலைநகராம்!
கம்பளிச் சந்தை, பதினொரு சாராயக்கடை,
ஒன்றோடொன்று பேசாத நான்கு சேப்பல்கள்,
ஒரு தூக்குமரம்.
அதில் தொங்கியவர்கள் மூன்று பேர்.
மூவரும் தங்கள் தீர்ப்பை
நாளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிய
மொழிபெயர்ப்பாளன் வாயால் கேட்டவர்கள்.
ரயில் ஒரு நூற்றாண்டின் அறுபத்தேழில் வந்தது,
அடுத்த நூற்றாண்டின் அறுபத்திரண்டில் நின்றது.
அதற்குள் போக வேண்டியவர்கள் எல்லாம்
ஏறிப் போயிருந்தார்கள்.

எழுபத்து நான்கு, ஏப்ரல் முதல் தேதி,
மாவட்டத்தையே வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.
முட்டாள்கள் தினத்துக்குப் பொருத்தம்தான் என்று சிரித்தார்
எடை அளவு ஆய்வாளர் இதெல் ப்ரோபர்ட், என் அப்பா.
அன்று மாலை
மாவட்டத்தின் பித்தளைக் கஜக்கோலைப்
போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.
யாரும் தேடி வரவில்லை.
மாவட்டமே இல்லாதபோது
கஜம் எங்கே போனால் யாருக்கென்ன?

இப்போது கட்டடத்தையும் விற்கிறார்கள்.
சாவி என்னிடம் இருப்பதால்
பட்டியல் எழுதுவதும் நான்.
நாற்காலி பதினேழு, கால் ஆடுவது நான்கு.
ராணியின் படம், ஈரம் பட்டது.
கைதிக் கூண்டு, ஓக் மரம்,
விளிம்பில் நகக்கீறல்கள்.
கண்ணாடிப் பேழையில் வெள்ளைக் கையுறை, ஒரு ஜோடி,
ஆட்டுக்குட்டித் தோல், அணியப்படாதது.

விசாரிக்க ஒரு குற்றமும் இல்லாத அமர்வில்
நீதிபதிக்குக் கையுறை தருவது வழக்கம்.
1843, மார்ச். மேசையிலேயே விட்டுப் போயிருக்கிறார்.
பள்ளியில் இந்தப் பேழை முன் வரிசையாக நிறுத்தி
நாம் நல்லவர்கள் என்று சொல்லித்தந்தார்கள்.
நானும் நம்பினேன்,
கண்ணாடியில் மூக்கை ஒட்டி.

இன்று பேழையைத் தூக்கியபோது
பச்சைத் துணிக்கு அடியில் ஒரு ரசீது:
எலைஷா ப்ரதெர்க், தோல் தைப்பவர்,
கையுறை ஒரு ஜோடி, முன்பணம் பெற்றேன்.
தேதி, ஜனவரி இருபது.

மார்ச்சில் குற்றம் இருக்காது என்று
ஜனவரியில் யாருக்குத் தெரியும்?

கீழே, முன்பணம் தந்தவர்கள்:
நான்கு சேப்பல்களின் முத்திரை,
ஒரே தாளில்.

ஜனவரியில் என்ன நடந்தது என்பது
எழுதாமலே எங்களிடம் வந்து சேர்ந்த கதை.
ஆலைக் குளத்துப் பனிக்கட்டியை உடைத்தபோது
துணி மூட்டை ஒன்று கிடைத்ததும்,
ஆலை வீட்டு வேலைக்காரி லவ்ரி
அதன்பின் ஒரு வருடம்
கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்ததும்.
மூச்சுவிட்டுப் பிறந்ததா, விடாமலா,
அதை அவள் மொழியில் யார் கேட்டார்கள்?
அவர்கள் மொழியில் கேட்டிருந்தால்
நான்காவதாகத் தொங்கியிருப்பாள்.

ஆக, கருணைதான்.
சரி.
குளத்திலிருந்து எடுத்ததை எங்கே புதைத்தார்கள்?
நான்கு கல்லறைத் தோட்டங்களின் பதிவேட்டையும்
எனக்குத் தெரியும்.
ஒன்றிலும் இல்லை.

கையுறையை விரலில் நுழைத்துப் பார்த்தேன்.
உள்ளே போகவில்லை.
எந்த நீதிபதிக்கும் போயிருக்காது.
ப்ரதெர்க் அதைச்
சின்னதாகத்தான் தைத்திருக்கிறார்,
மிகச் சின்னதாக.

பிரிஸ்டலிலிருந்து வந்த ஏலக்காரர்
ஊர்ப் பெயரை இரண்டு முறை முயன்றுவிட்டு
கைவிட்டார்.
பேழையைத் தட்டி, இதனோடு காகிதம் ஏதும் உண்டா,
இருந்தால் விலை கூடும் என்றார்.

என் கோட்டுப் பையில் ரசீது இருந்தது.

இல்லை என்றேன்.